முகப்புப் பக்கத்தில் சிஐஎன் இருக்கிறதா?

நான் கம்பெனி செக்ரட்டரி. புது கிளையண்ட் வந்தால் முதலில் அவர்களுடைய வெப்சைட்டைத்தான் திறப்பேன். கம்பெனி பெயர், பதிவு அலுவலக முகவரி, சிஐஎன் (கம்பெனியின் அடையாள எண்), போன் நம்பர், இமெயில், புகாருக்கு யாரைக் கேட்பது என்று ஒருவர் பெயர், இத்தனையும் முகப்பிலேயே வேண்டும். ‘தொடர்புக்கு’ பக்கத்தில் மட்டும் போட்டால் போதாது. பலர் விட்டுவிடுவது அந்த ஆள் பெயரைத்தான்.

சிஐஎன்னைக் கையால் டைப் செய்யாதீர்கள். பதிவுச் சான்றிதழிலிருந்து காப்பி செய்யுங்கள். மொத்தம் 21 இடங்கள். தமிழ்நாட்டு பிரைவேட் லிமிடெட் என்றால் யு, ஐந்து இலக்கத் தொழில் எண், டிஎன், பதிவான வருடம், பிடிசி, கடைசியில் ஆறு இலக்கம். ஒரு கிளையண்டின் லெட்டர்ஹெட்டில் பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ இருந்தது. அச்சடித்த கட்டு முழுக்க வீண்.

அப்புறம் இமெயில். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெயர், முகவரி, சிஐஎன் போன்ற விவரங்கள் வணிகக் கடிதங்கள், பில்கள், அறிவிப்புகளில் இருக்க வேண்டும் என்கிறது. மெயிலில் போகும் கொட்டேஷனும் கடிதம்தான் என்பது என் கருத்து. அதனால் இதே விவரங்களை எல்லோருடைய சிக்னேச்சரிலும் போடச் சொல்வேன். பெயர் மாற்றி இரண்டு வருடம் ஆகவில்லையா? பழைய பெயரும் கூடவே வர வேண்டும்.

12ஆம் பிரிவில் தவறினால் அபராதம் நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 1 லட்சம். கம்பெனிக்கும் பொறுப்பான அதிகாரிக்கும் தனித்தனியாக.