அட்மின் பாஸ்வேர்டு யார் கையில்? சின்ன ஆபீஸ் சிஸ்டங்களை ஒழுங்குபடுத்தும் முறை

வேலூர் லாங் பஜாரில் ஒரு மொத்தக் கடை, காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜ், ஆம்பூரில் ஒரு ஷூ யூனிட், சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். தொழில்கள் வேறு வேறாக இருந்தாலும் சிஸ்டங்களின் நிலைமை பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்திலிருந்து பத்து கம்ப்யூட்டர் இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் கடைப் பெயரும் 123-ம். யார் உட்கார்ந்தாலும் அட்மின், அதாவது எதையும் மாற்றும் அதிகாரம் உள்ளவர். முக்கியமான பாஸ்வேர்டு மட்டும் அக்கவுண்டன்டுக்கோ, என்றோ வந்து ஃபார்மட் அடித்துப் போன சர்வீஸ் ஆளுக்கோ தெரியும். அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் முதலாளிக்கே இது தெரியவரும்.

இதைச் சரிசெய்ய சர்வர் வாங்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடியதும் ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம்.

முதல் வேலை பட்டியல்

ஒரு நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: எந்தக் கணக்கு, யூசர் பெயர் என்ன, ஓடிபி எந்த நம்பருக்கும் மெயிலுக்கும் வருகிறது, இன்றைக்கு யார் யாருக்குப் பாஸ்வேர்டு தெரியும். பாஸ்வேர்டை இதில் எழுதக் கூடாது. ஒவ்வொரு சிஸ்டத்தின் விண்டோஸ் அட்மின், கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியின் அட்மின், ஆபீஸ் மெயில், ஜிஎஸ்டி, இ-வே பில், வருமான வரி, பிஎஃப், இஎஸ்ஐ, நெட் பேங்கிங், ஏற்றுமதி செய்பவர்களுக்கு சுங்கத் துறைத் தளமான ஐஸ்கேட், லாட்ஜ்காரர்களுக்குத் தங்க வரும் வெளிநாட்டவரைப் பதியும் கணக்கு என்று எழுதிக்கொண்டே போகலாம். வழக்கமாக விட்டுப்போவது வைஃபை ரூட்டர், சிசிடிவி டிவிஆர், விரல்ரேகை வருகைப்பதிவு மெஷின், வெப்சைட்டின் டொமைன் கணக்கு ஆகிய நான்கும்தான்.

மூன்றாவது பத்தியை எழுதும்போதுதான் அதிர்ச்சி காத்திருக்கும். பாஸ்வேர்டு உங்களிடமே இருந்தாலும் 'ஃபர்காட் பாஸ்வேர்டு' அழுத்தினால் ஓடிபி யார் போனுக்குப் போகிறதோ அவர்தான் அந்தக் கணக்கின் உண்மையான உரிமையாளர். அதைப் பிறகு பார்ப்போம்.

விண்டோஸில் அட்மின் தனி, வேலை தனி

விண்டோஸில் அட்மினிஸ்ட்ரேட்டர், ஸ்டாண்டர்டு யூசர் என்று இரண்டு வகைக் கணக்கு உண்டு. தினசரி வேலை அனைத்தும் ஸ்டாண்டர்டு யூசரில்தான் நடக்க வேண்டும், முதலாளியின் வேலை உட்பட. காரணம் இதுதான். இன்வாய்ஸ் என்று மெயிலில் வரும் கெட்ட ஃபைலை யாராவது திறந்துவிட்டால், அந்த நிரல் திறந்தவருடைய அதிகாரத்தோடு ஓடும். அட்மின் அதிகாரம் கிடைத்துவிட்டால் ஆன்டிவைரஸை நிறுத்தும், விண்டோஸ் எடுத்து வைத்திருக்கும் பழைய ஃபைல் நகல்களை அழிக்கும், பிறகு எல்லாவற்றையும் பூட்டிப் பணம் கேட்கும். ஸ்டாண்டர்டு யூசராக இருந்தால் சேதம் அந்த யூசர் எழுத முடிந்த ஃபோல்டர்களோடு நிற்கும். டேலி டேட்டா ஃபோல்டரை அந்த யூசருக்கும் திறந்து வைத்திருப்பீர்கள், அதனால் அதுவும் மாட்டும். எனவே பேக்கப் எடுத்ததும் அந்த வெளி டிஸ்கைக் கழற்றிப் பீரோவில் வைப்பது இதோடு சேர்ந்த வேலை. செருகியே கிடக்கும் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

செய்யும் வரிசை முக்கியம். ஒவ்வொரு சிஸ்டத்திலும்:

1. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் 'ஆட் அக்கவுண்ட்' அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் மெயில் கேட்கும் இடத்தில் அந்த நபரின் சைன்-இன் விவரம் இல்லை என்ற இணைப்பையும், அடுத்து மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் யூசர் சேர்க்கும் இணைப்பையும் தேர்ந்தெடுங்கள்.

2. புதுக் கணக்குக்கு 'ஆபீஸ் அட்மின்' போன்ற பெயர் வையுங்கள். ஆள் பெயர் வேண்டாம். மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கும். பிறந்த ஊர் எது என்பதற்கு 'வேலூர்' என்று எழுதினால் பக்கத்து மேசைக்காரருக்கே விடை தெரியும். சம்பந்தமே இல்லாத விடையைக் கொடுத்து, அதையும் கவரில் வைக்கும் தாளில் எழுதுங்கள் (கவர் பற்றிக் கீழே).

3. 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' மூலம் அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள்.

4. லாக் அவுட் செய்து புதுக் கணக்கில் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு எடுக்கிறதா, அட்மின் வேலை செய்ய விடுகிறதா என்று உறுதியான பிறகுதான் அடுத்த படி.

5. புதுக் கணக்கில் இருந்தபடியே, ஊழியர் இதுவரை பயன்படுத்திய பழைய கணக்கை ஸ்டாண்டர்டு யூசராக இறக்குங்கள். டெஸ்க்டாப், ஃபைல், பிரிண்டர் எதுவும் மாறாது.

நான்காவது படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் திங்கட்கிழமை காலையில் மாட்டிக்கொள்கிறார்கள். கேப்ஸ் லாக் போட்டபடி வைத்த பாஸ்வேர்டு, பிறகு எத்தனை தடவை அடித்தாலும் எடுக்காது. பழைய கணக்கையும் இறக்கியாயிற்று, பாதுகாப்புக் கேள்விகளின் விடையும் கையில் இல்லை என்றால் அந்த சிஸ்டத்தில் பயன்படுத்தக்கூடிய அட்மினே இல்லை. விண்டோஸில் உள்ளடங்கிய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்று உண்டு, ஆனால் அது முடக்கப்பட்ட நிலையில்தான் வருகிறது.

எட்டு சிஸ்டத்துக்கும் ஒரே அட்மின் பாஸ்வேர்டு வைப்பது சௌகரியம்தான். ஆனால் ஒரு சிஸ்டத்தில் கசிந்தால் எட்டும் போச்சு. டேலி டேட்டா இருக்கும் மெயின் சிஸ்டத்துக்காவது தனியாக வையுங்கள்.

இறக்கிய பிறகு சில சாஃப்ட்வேர் முரண்டு பிடிக்கும். சி டிரைவின் 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் போட்டிருக்கும் பழைய டேலி பதிப்பு, தன் ஃபோல்டரிலேயே அமைப்பு ஃபைலை எழுத முயன்று தோற்கும். அந்த ஃபோல்டரின் புராபர்ட்டீஸ், செக்யூரிட்டி பகுதியில் அந்த யூசருக்கு 'மாடிஃபை' அனுமதி மட்டும் கொடுங்கள், சரியாகிவிடும். ஜிஎஸ்டியில் கையெழுத்துப் போட உதவும் எம்சைனரும் பல சிஸ்டங்களில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால்தான் எழும்பும். அந்த நேரத்தில் பொறுப்பானவர் வந்து பாஸ்வேர்டை அடித்துவிட்டுப் போகட்டும். 'இது வேலை செய்யவில்லை, அதனால் மறுபடி அட்மின் ஆக்கிவிட்டேன்' என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

புது லேப்டாப்புகளில் இன்னொரு சிக்கல். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்தால் டிஸ்க் தானாகவே பூட்டு முறைக்குப் போய்விடுவதுண்டு. அதன் 48 இலக்க மீட்புச் சாவி எந்தக் கணக்கோடு அமைத்தோமோ அதில் சேமிக்கப்படும். அமைத்தவர் சர்வீஸ் ஆளாக இருந்து தன் மெயிலையே கொடுத்திருந்தால், மதர்போர்டு மாற்றும் நாளில் அவரைத் தேடி அலைய வேண்டும். சாவி கிடைக்காவிட்டால் டேட்டாவும் கிடைக்காது. அதனால் புது லேப்டாப்பை ஆபீஸ் மெயிலில் அமைத்து, அந்த 48 இலக்கங்களை அன்றே அச்செடுங்கள்.

டிஸ்க் பூட்டாத பழைய சிஸ்டத்தில் விண்டோஸ் பாஸ்வேர்டை பென்டிரைவ் கருவி வைத்துச் சில நிமிடங்களில் அழித்துவிடலாம். சர்வீஸ் கடைகளில் செய்வது அதைத்தான். அப்படி அழித்தால் அந்த யூசரின் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளும் பெரும்பாலும் போய்விடும், அவை பழைய விண்டோஸ் பாஸ்வேர்டோடு பிணைக்கப்பட்டவை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டேலியில் ஆளுக்கொரு பெயர்

கம்பெனி மெனுவில் 'யூசர்ஸ் அண்ட் பாஸ்வேர்ட்ஸ்' பகுதியில் அட்மின் பெயரை முதலாளி வைத்துக்கொண்டு, பில் போடுகிறவருக்கு 'டேட்டா என்ட்ரி' வகைக் கணக்கு கொடுங்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி பதியும் சாஃப்ட்வேரில்தான் கணக்கு வைக்க வேண்டும். நான்கு பேரும் 'அட்மின்' என்றே உள்ளே போனால் தடத்தில் 'அட்மின்' என்றுதான் இருக்கும். சரக்கு ரசீதை மாற்றியது யார் என்று கேட்டால் பதில் இருக்காது. பார்ட்னர்ஷிப், ப்ரொப்ரைட்டர் கடைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, என்றாலும் செய்வது நல்லது.

டேலி வால்ட் பாஸ்வேர்டு மட்டும் வேறு ரகம். அது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்கவே முடியாதபடி டேட்டாவையே மறைகுறியாக்குகிறது. மறந்தால் டேலி நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. எழுதி வைக்கும் ஏற்பாடு இல்லாதவர்கள் வால்ட் போடவே வேண்டாம்.

ஓடிபி வரும் நம்பர்

ஆபீஸ் பெயரில் ஒரு சிம் எடுத்து, ஒரு சாதாரண பட்டன் போனில் போட்டு, முதலாளி மேசை இழுப்பறையில் வையுங்கள். ரீசார்ஜ் தேதியை காலண்டரில் குறியுங்கள். நீண்ட நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், ஓடிபியும் அவருக்கே போகும். பட்டியலில் உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாக இந்த நம்பருக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் மாற்றுங்கள்.

ஜிஎஸ்டியில் கையெழுத்து அதிகாரம் உள்ளவரின் விவரத்தில் 'நான்-கோர்' (அடிப்படை அல்லாத விவரங்களுக்கான) திருத்தம் மூலம் நம்பரை மாற்றலாம். ஆனால் உள்ளே போகவே பழைய நம்பருக்கு ஓடிபி வருகிறது, அந்த ஆளும் கிடைக்கவில்லை என்றால், உங்கள் எல்லைக்குரிய வரி அலுவலகத்தில் உரிமைச் சான்றுகளோடு நேரில் மனு கொடுங்கள். சரிபார்த்து மெயிலையும் நம்பரையும் மாற்றித் தரும் வசதி அதிகாரிக்கு உண்டு. ரிட்டர்ன் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் இதற்கு ஓடாதீர்கள்.

இ-வே பில்லில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் ஓடிபியோடு கூடிய இரண்டடுக்கு நுழைவு வந்துவிட்டது. ராணிப்பேட்டை குடோனில் லாரி நிற்கும்போது முதலாளி போனுக்கு ஓடிபி கேட்டு அழைப்பது எரிச்சலான வேலை. குடோன் ஆளுக்குத் தனி சப்-யூசர் உருவாக்கி அவர் நம்பரையே கொடுங்கள். தேவையான அனுமதி மட்டும் கொடுக்கலாம், விலகினால் அதை மட்டும் முடக்கலாம்.

பென்டிரைவ் போல இருக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்கள் கையெழுத்தேதான். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அதன் சாவியைக் கவனமாகக் காப்பது சான்றிதழ் வாங்கியவரின் பொறுப்பு. டோக்கனை ஆடிட்டர் ஆபீஸ் டப்பாவில் வருடக்கணக்கில் விட்டு, பாஸ்வேர்டை அதன் மேலேயே ஸ்டிக்கரில் ஒட்டுவது இந்தப் பக்கத்தில் சகஜம், தயவுசெய்து நிறுத்துங்கள். பாஸ்வேர்டைத் தொடர்ந்து தப்பாக அடித்தால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். அதைப் புதிதாக ஃபார்மட் செய்தால் உள்ளிருக்கும் சான்றிதழ் அழிந்து மறுபடி வாங்க வேண்டிவரும்.

நல்ல பாஸ்வேர்டும் ஒட்டிய கவரும்

ஊர்ப் பெயர், சாமி பெயர், பிள்ளைகள் பெயர், வண்டி நம்பர் எதுவும் வேண்டாம். அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைத்த நான்கு சொல்லை எடுங்கள். முருங்கை, பித்தளை, ஒட்டடை, தாழ்ப்பாள் என்று வந்தால் அதை ஆங்கில எழுத்தில் இடையில் கோடு போட்டு அடியுங்கள். நீளமாக இருப்பதால் உடைப்பது கஷ்டம், நினைவில் நிற்பது சுலபம். சில அரசுத் தளங்கள் நீளத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன, அங்கே இரண்டு சொல்லும் எண்ணும் குறியும் போதும். மாதாமாதம் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே அந்த வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போவார்கள். கசிந்த சந்தேகம் வந்தால், தெரிந்தவர் விலகினால், மாற்றுங்கள்.

நிறையக் கணக்கு இருந்தால் கீபாஸ் அல்லது பிட்வார்டன் போன்ற பாஸ்வேர்டு பெட்டகம் வையுங்கள். அதன் தலைமைப் பாஸ்வேர்டு, விண்டோஸ் அட்மின்கள், டேலி அட்மின், 48 இலக்கச் சாவி இவற்றைக் கையால் இரண்டு தாளில் எழுதி, இரண்டு கவரில் போட்டு, ஒட்டிய மடிப்பின் மேல் தேதியோடு கையெழுத்திடுங்கள். ஒன்று முதலாளி வீட்டுப் பீரோவில், மற்றொன்று பேங்க் லாக்கரில். மூன்று மாதத்துக்கொரு முறை ஒன்றைப் பிரித்து அடித்துப் பார்த்து மறுபடி ஒட்டுங்கள்.

கண்ணில் படாத இரண்டு ஓட்டைகள்

ஊழியர் ஆபீஸ் சிஸ்டத்தின் குரோமில் தன் சொந்த ஜிமெயிலில் நுழைந்து, கருவிகளுக்கிடையே விவரங்களைப் பகிரும் சிங்க் வசதியைப் போட்டிருந்தால், அங்கே 'சேவ்' கொடுத்த ஜிஎஸ்டி, பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அவர் வீட்டுப் போனிலும் இருக்கும். கெட்ட எண்ணம் ஒன்றும் வேண்டாம், அது தானாகவே நடக்கும். ஒவ்வொரு சிஸ்டத்திலும் குரோமின் வலது மேல் மூலையில் யார் முகம் தெரிகிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, வெளியிலிருந்து சிஸ்டத்தை இயக்க உதவும் எனிடெஸ்க். டேலி ரிப்பேருக்கு நம்பர் சொல்லி உள்ளே விடும்போது, ஆள் இல்லாமலே நுழையும் 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' பாஸ்வேர்டு வைத்துவிட்டுப் போக வாய்ப்பு உண்டு. வேலை முடிந்ததும் அதன் செக்யூரிட்டி செட்டிங்கில் அது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாஃப்ட்வேரையே நீக்கிவிட்டு, தேவைப்படும்போது போட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் விலகும் நாளில்

வரிசை இப்படி: முதலில் ஆபீஸ் மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றுங்கள். மெயில் அவரிடம் திறந்திருந்தால் மற்ற எதை மாற்றியும் பயனில்லை, ரீசெட் இணைப்பு அங்கேதான் வரும். அடுத்து பேங்க், பிறகு ஜிஎஸ்டி, இ-வே பில், டேலி, விண்டோஸ். ரூட்டர் வைஃபையும் டிவிஆரும் கடைசியில். விண்டோஸ், டேலி கணக்குகளை உடனே அழிக்காமல் முடக்கி மட்டும் வையுங்கள். ஆடிட் முடியும்வரை பழைய ஃபைல் தேவைப்படும். டோக்கன், சிம், சாவி வாங்கியதை நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மனவருத்தமின்றிப் போகிறவருக்கும் இதே வரிசைதான். நாளை ஏதாவது நடந்தால் அவர் மேல் பழி வராமல் இருக்கவும் இதுதான் சாட்சி.

யாரோ ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்கள். சிஸ்டத்தை ஃபார்மட் அடிக்காதீர்கள், தடயம் போய்விடும். பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான சிஸ்டத்திலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்து, பேங்குக்கும் சொல்லுங்கள். நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு சொல்கிறது. அதன் மெயில் முகவரியையும் கவரின் தாளிலேயே எழுதி வைத்திருங்கள்.