லண்டனிலிருந்து மதுரைக்கு எத்தனை மணி நேரம்?

லண்டன் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அம்மா போனில் கேட்பார்: "அங்கயிருந்து வர எத்தனை மணி நேரம்ப்பா ஆகும்?" டிக்கெட்டைப் பார்த்துப் "பத்து மணி நேரம்மா" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி மாட்டிக்கொண்டேன். அது சென்னை வரைக்குமான கணக்கு.

ஹீத்ரோவுக்கும் மதுரை விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 8,360 கி.மீ. நேரடி விமானம் கிடையாது. நம்மூர் ஓடுபாதையை நீட்டப்போவதாகப் பல வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்கு எங்காவது மாறித்தான் ஆக வேண்டும்.

எல்லோரும் முதலில் யோசிப்பது சென்னை வழி. ஹீத்ரோவிலிருந்து பத்தரை மணி நேரம் போல. (திரும்பும்போது எதிர்க்காற்று, இன்னும் கொஞ்சம் கூடும்.) ஆனால் மதுரை வரை ஒரே டிக்கெட் எடுத்திருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்திலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். நடுவில் மூன்று மணி நேரமாவது விடுங்கள். விமானம் சரிப்படவில்லையா, தாம்பரம் போய் வைகை, பாண்டியன் ரயில்களில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது கொழும்பு வழி. படத்தை எடுத்துப் பாருங்கள்: மதுரையிலிருந்து சென்னை விமான நிலையம் வான்வழியே சுமார் 420 கி.மீ., கொழும்பு சுமார் 350 தான்! ஸ்ரீலங்கனில் லண்டன்–கொழும்பு பதினோரு மணி நேரம் போல, அங்கிருந்து மதுரை ஒரு மணி நேரம். ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி நேராக மதுரைக்கு வந்துவிடும். குடியேற்றம், சுங்கம் எல்லாம் அவனியாபுரம் பக்கத்திலேயே முடிந்துவிடும். காசு மிச்சம் என்று இரண்டு தனி டிக்கெட் மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை முதல் விமானம் தாமதமாகி, இரண்டாவது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் எனக்குப் போனது போனதுதான்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மூர் நாலரை மணி நேரம் முந்தி, மற்ற மாதங்களில் ஐந்தரை. குளிர்காலத்தில் இரவு 9 மணிக்குக் கிளம்பி 11 மணி நேரம் பறந்தால், இறங்கும்போது அங்கே மறுநாள் மதியம் 1.30.

இதோடு ஈஸ்ட்ஹாமிலிருந்து ஹீத்ரோவுக்கு ஒன்றரை மணி நேரம் (வொயிட்சேப்பலில் எலிசபெத் லைனுக்கு மாறுங்கள்), மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பது, நடுவில் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் இருபது மணி நேரத்துக்குக் குறையாது. வீட்டில் "ஒரு நாள்" என்றே சொல்லிவையுங்கள்.

அம்மா உண்மையில் கேட்பது வேறு. ஒரு துக்கம் என்றால் எடுப்பதற்குள் பிள்ளை வந்துவிடுவானா என்பதுதான் அது. வாய்விட்டுக் கேட்க மாட்டார். டிக்கெட் கிடைக்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை நாள் என்று அண்ணனிடமோ மாமாவிடமோ இப்போதே சொல்லிவிடுங்கள். பிரீசர் பெட்டி வைப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கப்போவது அவர்கள்தான். அப்புறம், உங்கள் பிரிட்டன் இ-விசா கணக்கில் இப்போதைய பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அவசரத்தில் கிளம்பிப் போனவர்கள் லண்டன் திரும்பும்போது கவுண்டரில் மாட்டுவது அங்கேதான்.