பைத்தானில் சூழல் மாறிகள்: புட்என்வைத் தொடாதீர்கள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி எழுதிய ஸ்கிரிப்டைப் போன வாரம் பார்த்தேன். சில வருடங்களுக்கு முன் நான் எழுதிய அதே வரி அதில் இருந்தது: சூழல் மாறியை (ப்ரோகிராமுக்கு வெளியிலிருந்து பெயரோடு கொடுக்கப்படும் மதிப்பு) புட்என்வ் ஃபங்ஷனால் வைக்கும் வரி. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மாறியின் பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

புட்என்வ்

பைத்தான் கிளம்பும்போது, ஓஎஸ் மாட்யூல் ஏறுகிற நேரத்தில், சூழல் மாறிகளை ஒரே ஒருமுறை படித்து 'என்விரான்' என்ற நகலில் வைத்துக்கொள்கிறது. அப்புறம் இருப்பது இரண்டு: அடியில் சி லைப்ரரி வைத்திருக்கும் அசல் பட்டியல், மேலே பைத்தானின் நகல். என்விரானில் எழுதினால் இரண்டும் மாறும். புட்என்வை நேராக அழைத்தால் அடியில் உள்ளது மட்டும் மாறும். மாறியைப் படிக்க அழைக்கும் கெட்என்வ் பார்ப்பதோ மேலே உள்ள நகலை. பெயரைப் பார்த்து இரண்டும் ஜோடி என்று நினைத்துவிடுகிறோம்.

அன்று நான் எழுதியது, டேட்டாபேஸில் பழைய பதிவுகளை நீக்கும் ஸ்கிரிப்ட். முதலில் சோதனை டேட்டாபேஸில் ஓட்டிப் பார்ப்போம் என்று அதன் முகவரியைப் புட்என்வால் வைத்தேன். சந்தேகத்துக்கு, ஸ்கிரிப்டுக்குள்ளிருந்தே ஷெல்லைக் (கட்டளைகளை ஓட்டும் ப்ரோகிராம்) கூப்பிட்டு, மாறியின் மதிப்பைக் காட்ட எக்கோ போட்டேன். சோதனை முகவரிதான் வந்தது. ஷெல் ஒரு சைல்டு ப்ராசஸ், அதாவது என் ஸ்கிரிப்ட் கிளப்பிய தனி ப்ராசஸ். அதற்குப் போவது அடியில் உள்ள பட்டியல். தனி ப்ராசஸாக ஓடிய பேக்கப்பும் அதையே வாங்கிக்கொண்டு சோதனை டேட்டாபேஸை நகலெடுத்தது. நீக்கும் வேலையைச் செய்ததோ என் பைத்தான் கோடு. அது என்விரானைப் படித்தது. அங்கே பழைய, உண்மையான முகவரி அப்படியே இருந்தது. வாடிக்கையாளர்களின் பதிவுகள் போயின. கையில் இருந்த பேக்கப் சோதனைத் தரவு. எர்ரர் ஒன்றுகூட வரவில்லை. முந்தைய வாரப் பேக்கப்பிலிருந்து மீட்டு, இடைப்பட்ட நாட்களைக் கையால் சேர்க்க மூன்று இரவுகள் ஆயின. இன்றும் அந்த வரியைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

எழுத என்விரானையே பயன்படுத்துங்கள். நீக்கவும் அதிலேயே டெல் போடுங்கள். மாறியை நீக்கும் அன்செட்என்வுக்கும் இதே கோளாறு உண்டு. சி நூலகம் ஏதாவது அடியில் மாற்றிவிட்டால், நகலைப் புதுப்பிக்கப் பைத்தான் 3.14-இல் 'ரீலோட் என்விரான்' வந்திருக்கிறது.

தாமதமாக வைப்பது

நூலகங்களை எங்கே தேடுவது என்று சொல்லும் 'எல்டி லைப்ரரி பாத்' மாறியை, அவற்றை ஏற்றும் லினக்ஸின் டைனமிக் லோடர், ப்ராசஸ் தொடங்கும்போதே படித்துவிடும். ஸ்கிரிப்டுக்குள் வைத்தால் இனி கிளம்பும் சைல்டுக்குத்தான் பயன். கணக்கு நூலகமான நம்பைக்கான த்ரெட் (இணையாக ஓடும் வேலை) எண்ணிக்கையை இம்போர்ட்டுக்கு முன்பே வையுங்கள். டைம்சோன் மாறியை மாற்றினால், அதை நடைமுறைக்குக் கொண்டுவர டிஇசட்செட்டையும் அழைக்க வேண்டும்.

எல்லாமே ஸ்ட்ரிங்

மாறியின் மதிப்பு எப்போதும் எழுத்துத் தொடர்தான். 'ஃபால்ஸ்' என்று எழுதி வைத்தாலும், உண்மையா பொய்யா என்று சொல்லும் பூல் அதை ட்ரூ என்றே சொல்லும்.

டெர்மினலில் மாறவில்லையா?

ஸ்கிரிப்டுக்குள் வைத்தது டெர்மினலில் மாறாது. சைல்டு, தன்னைக் கிளப்பிய பேரன்ட்டின் சூழலைத் தொட முடியாது.

சப்ப்ராசஸுக்கு என்வ் கொடுப்பது

சப்ப்ராசஸ் மாட்யூலால் சைல்டைக் கிளப்பும்போது என்வ் என்று நீங்கள் கொடுக்கும் டிக்ஷனரி, இருக்கும் சூழலோடு சேராது. அதை முழுதாக மாற்றிவிடும். ஒரே ஒரு மாறியைக் கொடுத்தால் பாத், ஹோம் போன்ற மற்ற மாறிகள் காணாமல் போகும். என்விரானை காப்பி எடுத்து, அதில் உங்களுடையதைச் சேர்த்து அனுப்புங்கள்.