பாயோடு ஒட்டிக்கொள்வது எப்படி

மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்த அன்று யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மா சொன்னது ஒன்றுதான்: "கவனம் தம்பி, அங்க பாயோட ஒட்டிப்போடுவாங்கள்." வெளியூர்க்காரன் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்டிவிடுவார்கள், திரும்பி வரமாட்டான் என்பது வடக்கில் பழைய கதை. ஒரு வருடம் என்று 2014 ஓகஸ்டில் வங்கி வேலைக்கு வந்தேன். இன்னும் கல்லடியில்தான் இருக்கிறேன். மந்திரத்தை நான் காணவில்லை. ஆனால் ஒட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பாசிக்குடாவில் ஒரு நாள் குளித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை, குடிவர யோசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் கரைகளைப் படியுங்கள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. கடற்பக்கம் எழுவான்கரை, மறுபக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை, அவ்வளவுதான். உத்தியோகம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் புளியந்தீவு, கோட்டைமுனை, கல்லடிப் பக்கம் வீடு தேடுவார்கள். வயலும் எருமையும் தயிரும் படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் அக்கரை போக 'பாதை'யில் ஏறவேண்டியிருந்தது. பாதை என்றால் றோட்டு இல்லை, வாகனத்தையும் ஆளையும் சேர்த்து ஏற்றிப்போகும் மிதவை. இது தெரியாமல் முதல் வாரம் ஒருவரிடம் வழி கேட்டுக் குழம்பிப்போனேன்.

அடுத்தது வீடு. இதில் அவசரப்படக் கூடாது. ஆடி மாதத்தில் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடுதான். அப்போது கச்சான் காற்று அடிக்கும். மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று, மத்தியானத்தில் முகத்தில் அடுப்பு ஊதுவதுபோல் இருக்கும், வளவு மணல் சுடும். அந்த நேரத்தில் "வெள்ளம் வருமா?" என்று கேட்கவே தோன்றாது. நானும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில் என் கட்டிலின் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன், பிறகு கட்டிலையே விட்டுவிட்டுத் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் நாலு நாள் படுத்தேன். பாய்தான் தந்தார்கள். பெரியம்மாவை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆகவே வீட்டுக்குள் போனதும் வர்ணத்தைப் பார்க்காதீர்கள், சுவரின் அடியைப் பாருங்கள். புதிதாகப் பூசியிருந்தாலும் முழங்கால் உயரத்தில் ஒரு நிற வித்தியாசம் தெரியும். மாரியில் கிணற்றுத் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. முடிந்தால் ஒரு கச்சானும் ஒரு மாரியும் தற்காலிக இடத்தில் இருந்து பார்த்துவிட்டு நிரந்தரமாக எடுங்கள்.

வாடகை பேசும்போது விறாந்தையில் பேப்பர் வாசிக்கும் ஐயாவிடம் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். வீடு பெரும்பாலும் அம்மாவுடையது, அவருக்கு அவருடைய அம்மா கொடுத்தது. எங்கள் பக்கமும் சீதன வீடு உண்டுதான், ஆனால் இங்கே குடிகூட, அதாவது எந்த வம்சப் பிரிவு என்பதுகூட, தாய்வழியில் வருகிறது. கோயில் உரிமைகளும் அந்தக் குடிகளோடு சேர்ந்தவை. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவார். பாய்க் கதையின் மூலமே இதுதான் என்பது என் எண்ணம். மகன் திரும்பி வராத தாய்க்கு மந்திரம் என்று சொல்லிக்கொள்வது சுகம்.

அப்புறம் 'மறுகா'. பிறகு என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கார அம்மா "மறுகா தாறன் மனே" என்றால் அது இன்று பின்னேரமாகவும் இருக்கலாம், அடுத்த கிழமையாகவும் இருக்கலாம். குழாய் திருத்த வருகிறவரும் அதையே சொல்வார். கோபப்பட்டுப் பார்த்தேன், எனக்குத்தான் தலையிடி.

மீன் வாங்கும்போது கடல் மீனா ஆற்று மீனா என்று கேளுங்கள். வாவியைத்தான் ஆறு என்கிறார்கள். ஆற்று இறாலுக்கு என் வாக்கு. உடுப்புக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி, பின்னேரம் போனால் கூட்டம் கூடுதல் என்றாலும் கடைகளில் வெளிச்சம் நன்றாக இருக்கும். இங்கே தமிழரையும் முஸ்லிம்களையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பார்கள். கெட்டுப்போன வருடங்களும் உண்டு, இரு பக்கமும் மறக்கவில்லை. ஆனாலும் காலையில் பிட்டு அவிப்பது நிற்கவில்லை.

கொழும்பு தூரம். ரயிலில் எட்டு ஒன்பது மணித்தியாலம் போகும், இடையில் யானை குறுக்கிட்டால் இன்னும் கூடும். பெரிய சம்பளம் தேடுகிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

வாவிக்குள் மீன் பாடும் என்பார்கள். அந்தப் பாடும் மீனைக் கேட்க ஆசையிருந்தால் பூரணை இரவில், காற்று அடங்கியபின், கல்லடிப் பாலத்தருகே தோணியில் போங்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டும். நான் மூன்று தடவை போனேன். இரண்டு தடவை 2013இல் திறந்த புதிய பாலத்தில் ஓடிய மோட்டார் சைக்கிள்களைத்தான் கேட்டேன். மூன்றாவது தடவை ஏதோ கேட்டது, தவளைக்கும் வீணைக்கும் நடுவில் ஒரு சத்தம்.

கடைசியாக, வைகாசியில் யாராவது கண்ணகை அம்மன் கோயிலுக்குக் கூப்பிட்டால் மறுக்காதீர்கள். பல கோயில்களில் வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் கதவு திறக்கும், கடைசி நாள் குளிர்த்தி, அம்மனைக் குளிரவைக்கும் சடங்கு. முதல் முறை போனபோது மண்ணில் சம்மணமிட்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி என்ன குடி?" என்றார்.

"வாடகைக் குடி" என்றேன்.

சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பறைச் சத்தமே ஒரு கணம் கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெயர்.