பெயர்ப் பலனைப் படிக்கும் முன் பெயரை மறையுங்கள்

பெயருக்கு ஏற்ற குணநலன்களைத் தொகுத்த புத்தகம் ஒன்றுக்கு ஒருமுறை பிழை திருத்தினேன். அதில் கவிதாவின் பத்தியும் கலாவின் பத்தியும் இடம் மாறி அச்சாகிவிட்டன. என் கவனக்குறைவுதான். புகார் வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்ததோ ஒரு கவிதாவின் பாராட்டுக் கடிதம்: “என் கூடவே இருந்து பார்த்ததுபோல் எழுதியிருக்கிறீர்கள்!” அன்றிலிருந்து யார் பெயர்ப் பலனைக் கொண்டுவந்து நீட்டினாலும் இப்படித்தான் படிக்கச் சொல்கிறேன்.

முதலில், உங்கள் பெயரோடு இன்னும் நான்கு பெயர்களின் பலனைத் தனித்தனித் தாளில் எழுதித் தரும்படி ஒருவரிடம் கேளுங்கள். தாளில் பெயர் இருக்கக் கூடாது. கலைத்துப் போட்டு, எது உங்களுடையது என்று எடுங்கள். ஒருவர் சரியாக எடுத்துவிட்டால் துள்ள வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஐந்தில் ஒரு முறை அமையும். பத்துப் பேரையாவது எடுக்கச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்து, பென்சிலை எடுத்து எல்லாருக்கும் பொருந்தும் வரிகளை அடித்துவிடுங்கள். ‘வெளியே உறுதியானவர், உள்ளுக்குள் கலங்குபவர்’ என்பது யாருக்குத்தான் பொருந்தாது? உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948-இல் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். ஒரு வாரம் கழித்து, ‘உங்கள் முடிவு’ என்று அத்தனை பேருக்கும் ஒரே பத்தியைக் கொடுத்தார். அதில் பெரும்பகுதி ஒரு ஜோதிடப் புத்தகத்தில் எடுத்தது. எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. பென்சில் வேலை முடிந்தபின் தாளில் மிஞ்சுவது ‘சிறு வயதிலேயே முன்கோபம்’ போன்ற ஒன்றிரண்டு வரிகள்தான். அவற்றை நீங்களே சரிபார்க்காதீர்கள். உங்களோடு சண்டை போட்டிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள்.

பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஓரிலக்கம் வரும்வரை கூட்டிச் சொல்லும் எண்கணிதப் பலன் என்றால் நீங்களும் கூட்டிப் பார்த்துவிடுங்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது முறைக்கு முறை மாறும். கவிதா என்பதை ஆங்கிலத்தில் கே, ஏ, வி, ஐ, டி, எச், ஏ என்று எழுதினால் சால்டியன் முறையில் 2+1+6+1+4+5+1 = 20, அதாவது 2. பித்தகோரஸ் முறையில் 2+1+4+9+2+8+1 = 27, அதாவது 9. நடுவில் இருக்கும் எச்-ஐ எடுத்துவிட்டால் முதல் முறையில் 6, இரண்டாவதில் 1. ஒரே பெண்ணுக்கு நான்கு சுபாவம்! எந்த முறை, எந்த எழுத்துக்கூட்டல் என்று சொல்லாத பலனை நான் படிப்பதே இல்லை.

ஒலியை மட்டும் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். மாலினி என்றால் சாது, தடாதகை என்றால் துடுக்கு என்று ஆளைப் பார்க்காமலே தோன்றுகிறதல்லவா? வளைந்த உருவம் ஒன்றையும் கூர்முனை உருவம் ஒன்றையும் காட்டினால், ‘டக்கேட்டே’ என்ற பொருளற்ற சொல்லைப் பெரும்பாலோர் கூர்முனைக்கே தருவார்கள்; உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர் 1929-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வல்லினம், மெல்லினம் என்று பெயர் வைத்த நமக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் அது கேட்பவர் காதில் நடப்பது. மாலினியின் கோபத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அந்தப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் இரண்டு பத்திகளையும் உரிய இடத்தில் சேர்த்துவிட்டேன். கடிதம் எழுதிய கவிதாவுக்கு மட்டும் அதை இன்னும் தெரிவிக்கவில்லை.