நைரோபி – தார் எஸ் சலாம்: பறப்பது ஒன்றேகால் மணி, பயணம் அரை நாள்

கென்யத் தலைநகர் நைரோபிக்கு வேலைக்கு வந்தவர்களில் பலருக்கு அடுத்து போகவேண்டி வருவது பக்கத்து நாடான தான்சானியாவின் தார் எஸ் சலாம். வான்வழியில் சுமார் 670 கிலோமீட்டர். நேரடி விமானத்துக்கு டிக்கெட்டில் ஒன்றேகால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான்.

அதை நம்பி மதியம் மீட்டிங் வைத்துக்கொள்ளாதீர்கள். நைரோபியின் வெஸ்ட்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்துக்குக் கட்டணச் சாலையில் போனால் அரை மணி. கீழ்ச் சாலையில் நெரிசல் நேரத்தில் ஒன்றரை மணியும் ஆகலாம். வாசலிலேயே வண்டியை நிறுத்தி, பயணிகளை இறக்கிச் சோதிப்பார்கள். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி முன்னால் கிளம்பிவிடுவது நல்லது. அங்கே இறங்கியதும் குடிநுழைவு வரிசை; பிறகு நகரத்துக்குள் 12 கிலோமீட்டர், மாலையில் அதுவே ஒரு மணியைத் தின்றுவிடும். வாசலிலிருந்து வாசலுக்கு ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் தேடும்போது எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வழியாகப் போவது சில நாள் மலிவாகக் காட்டும். முதலில் வடக்கே 1,160 கிலோமீட்டர், பிறகு தெற்கே 1,760. மிச்சமாகும் காசு அலைச்சலுக்குச் சரியாகிவிடும்; கென்யா ஏர்வேஸ், பிரிசிஷன் ஏர் போன்ற நேரடிச் சேவைகளையே பாருங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையில். கென்யாவிலிருந்து வருபவர்களிடம் தான்சானியா அதைக் கேட்கும். கென்யாவிலிருந்து ஊர் திரும்பும்போது இந்தியாவும் கேட்கும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அட்டை செல்லும் என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுப் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் இருக்கும்போதே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு, அட்டையை பாஸ்போர்ட்டோடு வைத்துவிடுங்கள். அட்டையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று அங்கேயே பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதும் நம் வழக்கத்தால் இங்கேதான் குளறுபடி வரும்.

விசாவில் இன்னொரு பொறி. கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு மட்டும். தான்சானியாவுக்குத் தனி விசா. சாதாரண விசா 50 டாலர். ஆடிட், இயந்திரப் பழுது போன்ற வேலைக்குப் போனால் 250 டாலர் பிசினஸ் விசா. கென்ய வேலை அனுமதி அங்கே செல்லாது. இணையத்தில் இரண்டு வாரம் முன்பே விண்ணப்பியுங்கள்.

பெட்டிக்குள் பிளாஸ்டிக் கேரி பேக் இருக்கக்கூடாது: கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை. சாம்பார் பொடியை டப்பாவில் மாற்றிக்கொள்ளுங்கள்.

போகும்போது வலப்பக்க ஜன்னல், வரும்போது இடப்பக்கம் கேளுங்கள். மேகம் இல்லாவிட்டால் 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோ மலை பக்கத்திலேயே தெரியும்.

பஸ் என்றால் நமங்கா எல்லை, தான்சானியாவின் அருஷா நகரம் வழியாக 900 கிலோமீட்டருக்குக் குறையாது; 14 மணிக்கு மேல் பிடிக்கும். நேரம் கேட்கும்போது கவனம்: அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் மணிக்கணக்கு விடியலில் தொடங்கும். ‘சா ம்பிலி’ என்றால் இரண்டு மணி, அதாவது நம் கடிகாரத்தில் காலை எட்டு. கடிகார முள்ளைக் காட்டிக் கேட்டுவிடுவதே உத்தமம்.