கடற்கரை வெக்கையில் பிரெட் மேக்கர்: தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாவைப் பிசைந்து, பொங்கவைத்து, ரொட்டியாகச் சுட்டும் தருகிற மெஷின்தான் பிரெட் மேக்கர். அதோடு வரும் கையேட்டின் அளவுகள் பெரும்பாலும் 20, 22 டிகிரியில் இருக்கும் சமையலறையை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. சித்திரை, வைகாசியில் பாம்பனிலோ கீழக்கரையிலோ அடுப்படி 35 டிகிரியைத் தொட்டு நிற்கும். அதே அளவை இங்கே போட்டால் மாவு மூடியை முட்டுகிற அளவுக்குப் பொங்கும். சூடு ஏறத் தொடங்கியதும் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும். மெஷின் பழுது என்று நினைக்க வேண்டாம். ஈஸ்ட்டும் தண்ணீரும்தான் காரணம்.

முதல் தவறு வெதுவெதுப்பான தண்ணீர். குளிர் ஊருக்கு அது சரி. பிசையும்போது உராய்வாலேயே மாவு சூடேறும். பிசைந்து முடிக்கையில் 26, 27 டிகிரியில் இருந்தால் நல்லது. அதனால் கோடையில் ஃபிரிட்ஜ் தண்ணீரையே ஊற்றுங்கள். ஈஸ்ட்டையும் குறையுங்கள். 400 கிராம் மாவுக்குக் கையேடு 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சொன்னால், இங்கே 3 கிராம், அதாவது தலைதட்டி அளந்த 1 டீஸ்பூன் போதும். மார்கழி, தையில் 4 கிராம் வரை போகலாம்.

தொடங்குவதற்கு ஏற்ற அளவு இது: மைதா 400 கிராம், தண்ணீர் 250 மில்லி, உப்பு 7 கிராம், சர்க்கரை 15 கிராம், வெண்ணெய் அல்லது எண்ணெய் 20 கிராம், ஈஸ்ட் 3 கிராம். கப் கணக்கு வேண்டாம். மாவை அமுக்கி அள்ளுவதற்கும் தூவி அள்ளுவதற்கும் ஒரு கப்பிலேயே 20, 30 கிராம் வித்தியாசம் வரும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். நம் கடை மைதாவில் புரதம் குறைவாக இருப்பதால், கிடைத்தால் 1 டேபிள்ஸ்பூன் குளூட்டன் பவுடர் (கோதுமைப் புரதப் பொடி) சேருங்கள். ரொட்டி சரியாமல் நிற்கும். சப்பாத்தி ஆட்டாவை மட்டும் போட்டால் செங்கல் மாதிரி வரும். முதலில் 100 கிராம் மைதாவுக்குப் பதிலாக ஆட்டா போட்டுப் பாருங்கள். தண்ணீர் 15, 20 மில்லி கூடுதலாகக் கேட்கும்.

தண்ணீரை முதலில் வாயில் வைத்துப் பாருங்கள். கரையோர ஊர்களில் பல கிணறும் போரும் உவர்ப்பு. கரிக்கிற தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. அதன் மேல் 7 கிராமும் சேர்ந்தால் ஈஸ்ட் மந்தமாகும், ருசியும் கெடும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால், ஒரு ராத்திரி திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு எடுங்கள்.

சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட விரும்புவோர் அதைத் தட்டி அப்படியே போடக் கூடாது. மண் இருந்தால் மெஷின் பாத்திரத்தின் உள்பூச்சைக் கீறிவிடும். 30 கிராம் கருப்பட்டியை, அந்த 250 மில்லியிலிருந்தே 50 மில்லி எடுத்துக் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள். மேல்தோல் சீக்கிரம் கருகும் என்பதால் 'லைட்' நிறத்தை அழுத்துங்கள்.

பல மெஷின்களில் முதலில் தண்ணீர், உப்பு, சர்க்கரை, எண்ணெய், மேலே மாவு, மாவில் சின்னக் குழி பறித்து ஈஸ்ட். சில மெஷின்களில் ஈஸ்ட் அடியில் போகும். இந்த வரிசைக்கு மட்டும் கையேட்டை நம்புங்கள்.

பிசையும்போது மூடியைத் திறக்கவே கூடாது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் பிசையத் தொடங்கி எட்டாவது நிமிடம் திறந்து பார்க்காததுதான் தவறு. காற்றின் ஈரத்தை மாவு இழுத்திருக்கும், ஆகவே ஒவ்வொரு நாளும் தண்ணீர்த் தேவை கொஞ்சம் மாறும். உருண்டை பரோட்டா மாவைப் போல வழவழப்பாக, விரலில் லேசாக ஒட்டி விட வேண்டும். பாத்திரச் சுவரில் அப்பினால் ஒரு டேபிள்ஸ்பூன் மாவு. துண்டு துண்டாகி மெஷின் முனகினால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். கடைசியாக மாவு பொங்கும்போதும் சுடும்போதும்தான் திறக்கக் கூடாது.

ராத்திரி டைமர் வைத்துக் காலையில் ரொட்டி எடுப்பது இங்கே கோடைக்கு ஒத்துவராது. பாலும் முட்டையும் சேர்த்திருந்தால் கெட்டே போகும். மின்தடை அறிவித்த நாளிலும் தொடங்காதீர்கள். பிசைந்து முடித்த பிறகு கரண்ட் போய் மெஷின் நினைவு அழிந்தால், மாவு இரண்டு மடங்கு பொங்கும் வரை காத்திருந்து, கரண்ட் வந்ததும் 'பேக்' மட்டும் ஓட்டுங்கள்.

மணி அடித்த பத்து நிமிடத்தில் ரொட்டியை வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். உள்ளேயே கிடந்தால் ஆவி வேர்த்துப் பக்கங்கள் சொதசொதவென்று ஆகும். அடியில் மாவு பிசையும் பிளேடு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.

இந்த ஈரக் காற்றில் இரண்டு நாளில் பூஞ்சை வரும். வெட்டி ஃபிரீசரில் வைத்து, தேவையான துண்டை மட்டும் சுட்டுக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் சீக்கிரம் விறைத்துவிடும். பிய்க்கும்போது நூல் இழுத்து, கனிந்து அழுகிய அன்னாசி வாடை வந்தால் அது பாக்டீரியாவின் வேலை. முழுதையும் எறிந்துவிடுங்கள், பாத்திரம், பலகை, கத்தியை வினிகரால் துடையுங்கள். அடுத்த நடைக்கு மாவில் ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்க்கலாம்.

பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வையுங்கள். பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். கழுவியதும் பிளேடு சுற்றும் அடிப்பக்கத்து அச்சைத் துணியால் துடைத்துக் காயவையுங்கள். உப்புக்காற்றில் முதலில் துருப்பிடித்து இறுகுவது அந்த இடம்தான்.